எடை போட்டு வாங்கிய லென்ஸ்

வியாழக்கிழமை, காலை

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் அத்தான் எழுதுவது. இங்கே நான், உங்கள் அக்கா, உங்கள் மருமகள் மூன்று பேரும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோமா என்பதைக் கடைசிவரை படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். அங்கே உங்கள் கேமரா ரிப்பேர்க் கடையும், நீங்கள் உட்காரும் முக்காலியும், அதனால் வந்த இடுப்பு வலியும் சௌக்கியம்தானே? மரியாதையாகத்தான் ஆரம்பித்திருக்கிறேன். போகப் போக 'நீங்கள்' கழன்று 'நீ' வந்துவிடும். அது என் குற்றமில்லை, உன் குற்றம். பார், இப்போதே வந்துவிட்டது.

விஷயம் உனக்குப் பாதி தெரியும். என் மகள் இரண்டு வருஷமாக ஜெராக்ஸ் கடையில் நின்று ஊரார் முகத்தையெல்லாம் கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கடைத்தெரு ஸ்டூடியோவில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போய்க் கேட்டிருக்கிறாள். ஸ்டூடியோக்காரர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, "சொந்தக் கேமரா இருக்கணும். ரெண்டு வாரம் கழிச்சு சனிக்கிழமை பத்துப் படம் கொண்டா. பத்தும் மனுஷ முகமா இருக்கணும். சிரிக்கச் சொல்லி, நிமிரச் சொல்லி எடுத்த முகம் எனக்கு வேணாம், அது என்கிட்டயே மூட்டை மூட்டையா கிடக்கு. பிடிச்சிருந்தா திங்கக்கிழமை வேலைக்கு வா. இல்லன்னா ஜெராக்ஸ் கடைக்கே போயிரு" என்றாராம். இவள் என்ன செய்தாள்? நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போய் "இனிமே வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அங்கே மறுநாளே வேறொரு பெண் நிற்கிறாள். ஆக, முன்னாலும் வழியில்லை, பின்னாலும் வழியில்லை. நடுவில் ஒரு கேமரா.

அவள் சேர்த்து வைத்தது பாதி, நான் போட்டது பாதி. அதற்குள் முடிய வேண்டும். எதை வாங்குவது என்று உன்னிடம் கேட்டாள். நீயும் பெரிய மனுஷனாக ஒரு கடிதம் எழுதினாய். அதை நான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே அலைந்ததில் மடிப்பு நைந்து நாலு துண்டாகிவிட்டது. நாலு துண்டும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, சாட்சிக்கு. முதல் துண்டில் நீ எழுதியது: "காசைக் கேமரா உடம்பில் கொட்ட வேண்டாம், பழைய உடம்பு போதும்." இரண்டாவது துண்டு: "லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடிதான் படம் எடுக்கிறது. காசைக் கண்ணாடியில் போடுங்கள்." இது உன் கையெழுத்துதானே? கண்ணாடிதான் முக்கியம் என்றால், எந்த லென்ஸில் கண்ணாடி அதிகமாக இருக்கிறதோ அதுதானே நல்ல லென்ஸ்? எதில் கண்ணாடி அதிகம் என்று எப்படித் தெரியும்? தூக்கிப் பார்த்தால் தெரியும். மூன்றாவது துண்டில் "சின்ன லென்ஸாகப் பாருங்கள்" என்று ஏதோ எழுதியிருந்தாய். அக்காவைப் பார்க்க வரும்போதெல்லாம் நீ கொண்டுவரும் பையின் அளவு எனக்குத் தெரியுமாதலால், அதை உன் குணம் என்று விட்டுவிட்டேன்.

எடை விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் நடத்த முடியாது. வீட்டை ஒட்டினாற்போல் இருக்கும் நம் பழைய இரும்புக் கடையில் இருபத்தாறு வருஷம். பள்ளிக்கூடம் என்னைப் பார்த்ததில்லை, தராசு முள்தான் எனக்கு எழுத்து. கனமாக இருப்பது நின்று உழைக்கும், லேசானது காற்றுக்குப் பறக்கும், அவ்வளவுதான் உலகம். நம் வீட்டு வாசல் கதவையே எடுத்துக்கொள். ஏதோ ஒரு ஆபீஸை இடித்தபோது எடைக்கு வந்த இரும்புக் கதவு. உடைக்க மனசு வராமல் வீட்டுக்கே மாட்டினேன். திறக்க இரண்டு பேர் வேண்டும் என்று உன் அக்கா முணுமுணுப்பாள். திருடனும் இரண்டு பேராகத்தானே வரவேண்டும், அவனுக்குச் செலவு. ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கிறது, வீட்டுக்குள் வெளிச்சம் வருவதில்லை என்பது உண்மைதான். எங்கே விட்டேன்? ஆ, கேமரா.

போன திங்கட்கிழமை நானும் மகளும் கேமரா கடைக்குப் போனோம். பழையதும் புதியதும் விற்கிற கடை. கண்ணாடி அலமாரி, உள்ளே விளக்கு, ஆஸ்பத்திரி மாதிரி குளிர். கடைக்காரன் வாயெல்லாம் பல்லாக வந்தான்.

"வாங்கண்ணே, எந்த ரேஞ்சுல பாக்குறீங்க?"

"முதல்ல ஒரு கொக்கி காட்டு."

"கொக்கி எதுக்குண்ணே?"

"தராசு மாட்டணும்."

பையிலிருந்து தட்டோடு தராசை எடுத்ததும் என் மகள் மெதுவாக நகர்ந்து வாசலில் போய், எனக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைக்காரன் விவரமானவன். பை தொங்கவிடும் கம்பியைக் காலி பண்ணிக் கொடுத்தான். ஒரு கேமராவை எடுத்து நீட்டி, "இருபத்தி நாலு மெகாபிக்சல்ணே" என்றான்.

"அது எத்தனை கிராம்?"

"மெகாபிக்சலுக்கு எடை கிடையாதுண்ணே."

"எடை இல்லாத சாமானுக்கு நான் காசு குடுக்கிறதில்ல."

கேமரா உடம்பு நீ சொன்னபடியே பழசுதான், அதில் தகராறு இல்லை. அப்புறம் லென்ஸ். நீ சொன்ன அந்தச் சின்னதை வைத்தேன். தட்டில் ஏதோ இருக்கிறது என்று முள்ளுக்கே தெரியவில்லை. அடுத்தது, அதற்கடுத்தது என்று பார்த்துக்கொண்டே வந்தால், மேல் அலமாரியில் துணி போர்த்தி ஒன்று நிற்கிறது. நம் கடைக்கு வரும் தண்ணீர்க் குழாய் அளவுக்கு நீளம். மீன்கொத்தியைப் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் தோள் இறங்கிப்போய் விற்றுவிட்டாராம், இரண்டு வருஷமாக அங்கேயே இருக்கிறதாம். வைத்தேன். முள் சரசரவென்று இறங்கி இரண்டு கிலோவுக்குப் பக்கத்தில் நின்றது பார், எனக்குப் புல்லரித்துவிட்டது.

கடைக்காரன் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணே, உங்க கட்டைவிரல் தட்டுக்கு அடியில இருக்கு. எடுத்தீங்கன்னா இன்னும் கூடக் காட்டும்" என்றான். தட்டு ஆடாமல் இருக்க அப்படித் தாங்கிப் பிடிப்பது வழக்கம். இருபத்தாறு வருஷப் பழக்கம், கை தானாகப் போய்விடுகிறது. விரலை எடுத்தேன். இரண்டு கிலோவைத் தாண்டியது.

அதற்குள் மகள் ஓடிவந்து காதோடு சொன்னாள்: "அப்பா, வேணாம்ப்பா. மாமா சொன்ன சின்னதே போதும். அதுல ஒன்னு புள்ளி எட்டுன்னு போட்டிருக்கு பாருங்க."

"இந்தப் பெருசுல என்ன போட்டிருக்கு?"

"ஆறு புள்ளி மூணு."

"ஒன்னு பெருசா, ஆறு பெருசா?"

அவள் என்னைப் பார்த்தாள். கடைக்காரனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான். நான் பணத்தை எடுத்து வைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது, அந்த எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு குறைவாகத்தான் லென்ஸுக்குள் வெளிச்சம் போகுமாம். எண் பெரிதானால் சரக்கு மட்டம் என்று ஒரு வியாபாரத்தை எந்தப் புத்திசாலி கண்டுபிடித்தான்? உன் கடிதத்தில் அதை எழுதினாயா? மூன்றாவது துண்டில் எழுதியிருப்பதாக மகள் சொல்கிறாள். முக்கியமானதை முதல் துண்டில் எழுத வேண்டாமா?

சரி, வாங்கியாயிற்று. முதல் படமாக உன் அக்காவை அடுப்படியில் வைத்து எடுப்பது என்று முடிவு. அந்த லென்ஸ் ஒன்பது அடிக்குள் இருக்கும் எதையும் கண்ணெடுத்துப் பார்க்காதாம். நம் முன்னறை எட்டு அடி, நீ தலையை இடித்துக்கொண்டாயே, அதே அறை. மகள் பின்னாலேயே போனாள். சுவர் வந்தது. நானும் அவளுமாகக் கதவைத் தள்ளித் திறந்தோம். வாசலில் நின்றாள், போதவில்லை. தெருவில் நின்றாள். சைக்கிள்காரன் திட்டினான். கடைசியில் எதிர்ச்சாரித் தையல் கடைக்குள்ளேயே போய்விட்டாள்.

உள்ளிருந்து உன் அக்கா கத்துகிறாள்: "இன்னும் எவ்வளவு தூரம்டி போவ? அடுத்த ஊருக்குப் போய்ட்டு லெட்டர் போடு, அப்ப சிரிக்கிறேன்!"

படம் வந்தது. இருட்டில் ஒரு மூக்கு. முழு மூக்கும் இல்லை, இடது பக்கம் மட்டும், அதுவும் ஆடிப்போய். உன் அக்கா அதை வாங்கி, தூரத்தில் வைத்துப் பார்த்து, பக்கத்தில் வைத்துப் பார்த்து, "இத்தனை வருஷம் இந்த மூக்கோட குடும்பம் நடத்துறேன். இது இவ்வளவு பெருசுன்னு எவனும் சொன்னதில்ல" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். கேமராவை விட்டுவிட்டு என்னை ஏன் பார்க்க வேண்டும்?

செவ்வாய்க்கிழமை நானே அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். விற்ற பொருள் திரும்ப வாங்குவதில்லை என்று பலகை தொங்குகிறது. தராசைப் பார்த்த அன்று அது என் கண்ணில் படவில்லை. கடைக்காரன் அதே பல்லோடு, "ஏண்ணே, எடை கிடை குறைஞ்சிருக்கா?" என்றான்.

"எடை சரியாத்தான் இருக்கு."

"அப்புறம் என்னண்ணே? எடை பாத்துத்தான வாங்குனீங்க?"

மச்சான், இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ பேரிடம் நான் சொன்ன பேச்சு அது. முதல்முறையாக எனக்கு யாரோ சொல்லிக் கேட்டேன். கேட்க நன்றாக இல்லை.

இதில் தையல்காரன் வேறு. உனக்கு அவனைத் தெரியும், வாயில் எப்போதும் ஊசியோ ஊர்வம்போ இருக்கும். போன வருஷம் அவனுடைய பழைய தையல் மெஷினை என்னிடம் எடைக்குப் போட்டுவிட்டு, "அரிசி மண்டியில எடை பாத்தப்ப மூணு கிலோ கூட இருந்துச்சு" என்று தெருவே கேட்கச் சொன்னவன். அரிசி மண்டித் தராசைப் பற்றி எனக்கென்ன தெரியும்? என் தராசில் முள்ளை நான் தொட்டதே இல்லை, எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். அப்படிப்பட்டவன் நேற்றிலிருந்து என் மகளுக்கு முக்காலி போட்டு, ஜன்னல் திரையை விலக்கி, "நீ உக்காரும்மா, எவ்வளவு நேரம் வேணாலும் உக்காரு" என்கிறான். அவளும் காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்து குழாயை இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறாள். "என்னம்மா எடுக்குற?" என்று கேட்டால் "சும்மா பழகிக்கிறேன்ப்பா" என்கிறாள். முகம் மட்டும் வாடித்தான் இருக்கிறது. நேற்று அவள் சாப்பிடாமல் எழுந்து போனதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன். இதை உன்னிடம்தான் சொல்கிறேன்.

ஆகையால் விஷயத்துக்கு வருகிறேன். உன் பேச்சைக் கேட்டுத்தான் இந்தக் கதி. உன்னிடமும் அதே மாதிரி சின்ன லென்ஸ் ஒன்று இருக்கிறதாம், மகள் சொன்னாள். அதைக் கடிதம் கண்டதும் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் புறப்பட்டு வா. இதே கம்பெனிதானாம், கேமராவில் மாட்டும் வாய் பொருந்துமாம். கடனாகக் கேட்கவில்லை, அபராதமாகக் கேட்கிறேன். சனிக்கிழமைதான் கெடு, நாளை வெள்ளிக்கிழமை இங்கே இருந்தால் அவள் ஒரு நாளில் பத்து முகம் எடுத்துவிடுவாள். வராவிட்டால், பிள்ளையின் பிழைப்பு போனதற்குத் தாய்மாமன்தான் காரணம் என்று தெருவுக்கே சொல்வேன்.

உன் இடுப்பு நிமிரட்டும், உன் கடையில் கூட்டம் முட்டட்டும், நீ கை வைத்த கேமராவெல்லாம் மறுபடி கண் திறக்கட்டும். வீட்டில் எல்லோருக்கும் என் விசாரிப்பு.

இப்படிக்கு,
தராசைத் தவிர வேறெதையும் நம்பாத,
உன் அத்தான்

பின்குறிப்பு (ஞாயிற்றுக்கிழமை): கடிதம் இன்னும் இங்கேதான் இருக்கிறது. "என் தம்பியத் திட்டுற லெட்டருக்கு நான் ஸ்டாம்பு வாங்கித் தரணுமா?" என்று உன் அக்கா மறுத்துவிட்டாள். நீ இனி வரத் தேவையில்லை. மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. அந்தக் குழாயில் எடுத்த படங்களைத்தான் கொண்டுபோயிருக்கிறாள். நம் கடை முற்றத்தில் நல்ல வெயில், தையல் கடையிலிருந்து தூரமும் சரியாக இருந்ததாம், யாருக்கும் தெரியாமல் முகம் முகமாக எடுத்திருக்கிறாள். ஒன்பது படம் சாமான் கொண்டுவந்தவர்கள். பத்தாவது நான், எடை போடும்போது. அந்தப் பத்தாவதைப் பார்த்து ஸ்டூடியோக்காரர் அசந்துபோய், "இவ்வளவு நிம்மதியான முகத்த என் வாழ்நாள்ல எடுத்ததில்லம்மா" என்றாராம். ஆக, லென்ஸ் தேர்வில் நான் சொன்னதுதான் சரி, கனம்தான் முக்கியம் என்று மேலே எழுதியதையெல்லாம் திருத்திப் படித்துக்கொள்.

ஒரே ஒரு சங்கடம். என் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி ஸ்டூடியோ வாசல் கண்ணாடிக்குள் மாட்டிவிட்டார். முகத்துக்குக் கீழே தராசுத் தட்டு. தட்டுக்கு அடியில் என் கட்டைவிரல். நகத்தில் இருக்கும் கோடுகூடத் தெரிகிறது. மகள் அதைக் கவனிக்கவில்லையாம், முகத்தைத்தான் பார்த்தாளாம். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. தையல்காரன் நேற்றே வந்து மூன்று கிலோவுக்கு உண்டானதை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.  ஆனால் இன்று காலையிலிருந்து கடை வாசலில் வரிசை நிற்கிறது, ஒருவர் கையிலும் பழைய இரும்பு இல்லை. உன் அக்கா இரும்புக் கதவை உள்ளிருந்து சாத்தச் சொல்கிறாள், அதற்கும் இரண்டு பேர் வேண்டும், அவள் வரமாட்டேன் என்கிறாள். ஆகையால் மச்சான், நீங்கள் உடனே புறப்பட்டு வாருங்கள். அந்தச் சின்ன லென்ஸையும் மறக்காமல் கொண்டுவாருங்கள், ஸ்டூடியோ வாசலில் மாட்ட என்னை வேறொரு படம் எடுக்க வேண்டும். எதிர்ச்சாரியிலிருந்து பார்த்தால் அதில் விரலெல்லாம் தெரியாதுதானே?