இடப்பக்கம் இழுத்த வண்டி

பிள்ளைப்பாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை.

சுங்குவார்சத்திரத்தில் இருக்கும் அன்பு மைத்துனன் ஜீவானந்தத்துக்கு, மாமா நடேசன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அக்கா மரகதம் சுகம், நீ பார்த்து வாங்கிக் கொடுத்த மூன்று சக்கர மோட்டார் சைக்கிளும் சுகம். முதல் இரண்டும் உனக்குத் தெரிந்ததுதான், மூன்றாவதுதான் சேதி. போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் போன் கூடத்தில் இருக்கிறது, பேசினால் உன் அக்கா காதில் விழும். அது ஏன் விழக்கூடாது என்பது போகப்போகப் புரியும்.

நிலம் கையைவிட்டுப் போன பிறகு நம் வீட்டில் அடுப்பு எரிவதே ஒரு கம்பெனிக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பதால்தான் என்று உனக்குத் தெரியும். உன் அக்கா சமைக்கிறாள், நான் ஓட்டுகிறேன். முன்பாதி பைக், பின்பாதி இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு தட்டு, தட்டில் சோற்று அண்டாவும் சாம்பார் அண்டாவும். வந்த புதிதில் ஒழுங்காகத்தான் ஓடியது. பிறகு மெல்ல இடப்பக்கம் இழுக்க ஆரம்பித்தது. தெருமுனையில் இடப்பக்கம் இருக்கும் கிளியம்மாள் வீட்டு வாசலுக்கு நான் திருப்பாமலே போகும். பென்னலூர் ரோட்டில் ஒருநாள் ஏதோ ஒரு கம்பெனி கேட்டுக்குள் நேராக நுழைந்துவிட்டது. செக்யூரிட்டி எழுந்து நின்று சல்யூட் அடித்துவிட்டு, அப்புறம் கேட் பாஸ் கேட்டான். நான் சாம்பாரைக் காட்டினேன், வேறென்ன காட்ட? இன்னொரு நாள் வாய்க்கால் ஓரம் சாய்ந்து, சாம்பாரில் பாதி மீனுக்குப் போய்விட்டது. கம்பெனியில் சாப்பிடும் திருநெல்வேலிப் பையன் உச்சிமாகாளி கரண்டியை விட்டுத் துழாவிப் பார்த்து, “அண்ணாச்சி, இன்னைக்கு சாம்பார் வரலியா, காய் மட்டும் தனியா வந்திருக்கு?” என்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கேன்டீன் பொறுப்பு பார்க்கும் நம்பிராஜன் சார் முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொண்டு, “வெள்ளிக்கிழமையும் சிந்திக்கொண்டு வந்தீர்கள் என்றால் திங்கள்கிழமை வர வேண்டாம்” என்று சொல்லிவிட்டார்.

மெக்கானிக் கோபாலைப் பற்றிச் சொன்னால் என் வாய் நாறிவிடும். ஹேண்டில் வளைந்திருக்கிறது என்று நிமிர்த்தினான். இழுத்தது. முன் சக்கரத்து பேரிங்கை மாற்றினான். இன்னும் நன்றாக இழுத்தது. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, “வண்டி பொறப்பே அப்டி மாமா, நீதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கினு போவணும்” என்கிறான். உன் அக்காவோ, “கோபால் இன்னாத்த கண்டான்? அது ஏன் அவ வூட்டாண்டயே இஸ்துகினு போவுது? கிளியம்மா கண்ணு பட்டுகீது” என்று சொல்லி, கிளியம்மாள் வீடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகப் பார்த்து, தட்டுக்கு அடியில் ஒரு கறுப்புத் திருஷ்டிக் கயிறு கட்டினாள். இழுப்பு அதிகமாயிற்று. வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்து இன்னொன்று கட்டினாள். அதற்கு முன்பும், வண்டி வந்த நாளிலிருந்து எத்தனை கட்டினாளோ, நான் குனிந்து பார்த்ததில்லை.

வியாழக்கிழமை வண்டி முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். இழுப்பது ஹேண்டிலில் தெரிகிறது என்பதால் அத்தனை பேரும் முன் பக்கத்தையே நோண்டிக்கொண்டிருந்தோம். ஏர் ஓட்டும்போது எந்த மாடு பின்தங்குகிறதோ அந்தப் பக்கம்தானே ஏர் திரும்பும்? அப்படியானால் பின்னால் இடப்பக்கச் சக்கரம் பின்தங்குகிறது. செங்கல்லை அடுக்கித் தட்டைத் தூக்கி நிறுத்தினேன். வலப்பக்கச் சக்கரத்தைச் சுற்றிவிட்டேன், அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. இடப்பக்கத்தைச் சுற்றினேன், யாரோ கையைப் பிடித்த மாதிரி உடனே நின்றது. தொட்டுப் பார்த்தால், மதியம் ஓட்டி வந்த சூடு இன்னும் ஆறவில்லை. படுத்து எட்டிப் பார்த்தேன். மச்சான், உன் அக்கா கட்டிய திருஷ்டிக் கயிறுகள் எல்லாம் வால் தொங்கி, அச்சில் சுற்றி, சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே நெருக்கி இறுகிக் கிடந்தன. கருகிய வாடை வேறு. இழுக்க இழுக்க அவள் கட்டினாள், கட்டக் கட்ட அது இழுத்தது.

உன் அக்கா துணி எடுக்கக் கொல்லைப்பக்கம் போன நேரம் பார்த்து எல்லாவற்றையும் அறுத்துக் குப்பைமேட்டில் புதைத்துவிட்டேன். அவளிடம் “அலைன்மென்ட் கோளாறு” என்று சொல்லிவைத்திருக்கிறேன். வேண்டுதல் செய்து கட்டிய கயிற்றை அறுத்தேன் என்று தெரிந்தால் எனக்குச் சோறு கிடைக்காது. நீயும் மூச்சு விடாதே.

வெள்ளிக்கிழமை போனேன் பார், இரண்டே விரலால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு! கிளியம்மாள் வாசலுக்கே வந்து, “இன்னாய்யா நடேசா, இன்னிக்கி என் வூட்டுக்கு வராமலே போற?” என்று கேட்டாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. நம்பிராஜன் சார் மூடியைத் திறந்து பார்த்து, சிரித்து, திங்கள்கிழமை முதல் இரண்டு ஷிஃப்டுக்கும் நீங்களே கொண்டு வாருங்கள் என்றார். உச்சிமாகாளி மூன்று தரம் சாம்பார் வாங்கினான். ஆகவே ஜீவானந்தம், வண்டியில் குறையில்லை, உன்னைத் திட்டியதெல்லாம் வாபஸ். ஆனால் கோளாறைக் கண்டுபிடித்தது நான், நான் ஒருத்தன் மட்டுமே. அதை சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் நிற்கும் இடமாகப் பார்த்துச் சொல்லவும்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம். வல்லக்கோட்டை முருகன் உங்கள் அனைவரையும் நேர்வழியில் ஓட்டிக்கொண்டு போவானாக.

இப்படிக்கு,
வெற்றியுடன்,
நடேசன்

பின்குறிப்பு: இதை முதலில் படிக்கவும். இன்று திங்கள்கிழமை மதியம். கிளியம்மாள் வாசலில் நின்று கேட்ட கேள்வி உன் அக்கா காதுக்குப் போய்விட்டது. இன்னொரு கயிறு கட்டக் குனிந்தவள், பழைய கயிறுகளைக் காணோம் என்றதும், திருஷ்டி தாங்காமல் அறுந்துவிட்டன என்று முடிவு கட்டிவிட்டாள். போகும்போது இடப்பக்கம் இருக்கிற வீடு வரும்போது வலப்பக்கம் வருகிறதே என்றும் யோசித்திருக்கிறாள். விடியற்காலையில் இரண்டு பக்கமும், இனி அறுந்து விழாதபடி நைலான் கயிறாகப் பார்த்து, சக்கரத்தோடு சேர்த்தே இறுக்கிக் கட்டிவிட்டாள். வண்டி இப்போது இடப்பக்கமும் இழுக்கவில்லை, வலப்பக்கமும் இழுக்கவில்லை, நகரவே இல்லை. சாம்பார் அண்டா வண்டித் தட்டிலேயே ஆறிக்கொண்டிருக்கிறது. உன் அக்கா கற்பூரத்தட்டோடு பக்கத்திலேயே நிற்கிறாள். கத்தியை எடுக்க எனக்குத் தைரியம் இல்லை. தபால் வேண்டாம் என்று, சாப்பாட்டைக் காணோமே என்று தேடி வந்த உச்சிமாகாளி கையில் கொடுத்தனுப்புகிறேன். உடனே வந்து, கயிறுதான் காரணம் என்று உன் அக்காவிடம் சொல். தம்பி சொன்னால் கேட்பாள். கண்டுபிடித்தது நீ என்றே இருக்கட்டும்.