ஹெட்கிளார்க் அழித்த நட்சத்திரங்கள்

விழுப்புரத்திலேயே அதிக தூரம் போய் வந்தவர் நெபுலாதான். நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

1950களின் கடைசியில், ஏரி மதகுகளுக்கு வரைபடம் போடும் எங்கள் அலுவலகத்தில் அவர் டிராஃப்ட்ஸ்மேன். கோடு நூலளவு பிசகினாலும் தாளைக் கிழித்துவிடுவார். மீதி நேரமெல்லாம் அண்டவெளி; அதனால்தான் நெபுலா, அதாவது விண்முகில், என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்தோம். புத்தகம் ஒன்றைப் பார்த்து, எங்கோ தொலைவில் உள்ள நட்சத்திரக் கூட்டத்தை இரண்டு வருஷம் வரைந்து சுவரில் மாட்டினார். நடுவே நேரான பட்டை. அதன் இரு முனைகளிலிருந்தும் சுருண்டு கிளம்பும் இரண்டு கைகள். பட்டையில் இருப்பவை பெரும்பாலும் கிழட்டு நட்சத்திரங்கள், அதனால் மஞ்சள். கைகளில் இளசுகள், அதனால் நீலம்.

ஒரு திங்கட்கிழமை பட்டையைக் காணோம்.

"நான்தான் அழிச்சேன்" என்றார் ஹெட்கிளார்க், ரப்பர் தூளை ஊதியபடி. "ஸ்கேல் வெச்சு இழுத்த கோட்ட அப்பிடியே உட்டுட்டியேய்யா! பெரிய ஆபீசர் பாத்தா என்னா நெனப்பாரு?"

"சார், அது கோடு இல்லீங்க. கோடிக்கணக்கான நட்சத்திரம்!"

"சுத்துற சாமான்ல நேர்கோடு எப்பிடிய்யா நிக்கும்? யார்கிட்ட கதை உட்டுக்கினு இருக்கிற?"

நெபுலா மூன்று நாள் டீ குடிக்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் அது உண்ணாவிரதத்துக்குச் சமம். நான்காம் நாள் சவால் விட்டார். சுற்றுகிற சாமானிலும் நேர்கோடு நிற்கும் என்று திண்டிவனம் விவசாயக் கண்காட்சியில் நிரூபித்துக் காட்டினால், அழித்த பட்டையை ஹெட்கிளார்க்கே தம் கையால் வரைய வேண்டும். தோற்றால் படம் ஹெட்கிளார்க் வீட்டு வெந்நீர் அடுப்புக்கு.

கண்காட்சியில், தரையை ஒட்டி ஒரு பித்தளைக் குழாயை நடு அச்சில் படுக்க வைத்தார் நெபுலா. இரு முனைகளையும் எதிரெதிர்ப் பக்கமாகத் திருப்பியிருந்தார். கூட்டத்தைப் பெஞ்சுகள் மேல் ஏற்றிவிட்டு, உயரத்தில் இருந்த பீப்பாயின் தண்ணீரைக் குழாய்க்குள் திறந்துவிட்டார். குழாய் சுழன்றது. முனைகளிலிருந்து இரண்டு வெள்ளிக் கைகள் பின்னோக்கி வளைந்து விரிந்தன.

மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிரிடும் ஒலக்கூர் விவசாயி ஒருவர்தான் முதலில் கத்தினார்: "அட! குழா நேராத்தான சுத்துது! தண்ணிதான் வளைஞ்சிக்கினு போவுது!"

"வானத்துல காரணம் வேறங்க!" என்று கைதட்டலுக்கு மேல் கத்தினார் நெபுலா. "ஆனா பாக்கிறதுக்கு ரூபம் இதாங்க!"

ஏதோ சூட்சுமம் இருக்கிறதென்று கிட்டே போய்க் குனிந்த ஹெட்கிளார்க், தலையிலிருந்து செருப்பு வரை நனைந்தார்.

"ஒத்துக்கிறேன்யா! ஜல்தியா நிறுத்து!"

"இன்னும் ஒரே சுத்து பாருங்க சார்!"

மறுநாள் ஹெட்கிளார்க் மஞ்சள் பென்சிலை எடுத்தார். ஸ்கேல் நீட்டினோம், மறுத்துவிட்டார். பட்டை பகிரங்கமான கோணலாக விழுந்தது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நெபுலாவைப் பார்த்தோம்.

அவர் கை ரப்பர் வரை போனது. அதை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, ஹெட்கிளார்க்குக்கும் சேர்த்து இரண்டு டீ சொன்னார்.