எங்கள் வீட்டில் இல்லாத ஜன்னல்

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இரத்த அழுத்தமும் அக்காவின் முழங்காலும் சொன்னபடி கேட்கின்றன என்று நம்புகிறேன். நானும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை.

உங்கள் தங்கை பெட்டியோடு அங்கே வந்திறங்கி என்ன சொல்லியிருப்பாள் என்று ஊகிக்க முடிகிறது. தொலைபேசியில் என் குரலைக் கேட்டாலே வைத்துவிடுகிறாள், அதனால்தான் கடிதம். என் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். இந்த மூன்றாம் மாடிக்கு நாங்கள் குடிவந்த கொஞ்ச நாளில், பின்பக்கக் கட்டிடத்து அம்மாள் கரண்டியும் கையுமாக வந்து கதவைத் தட்டினார். மலாய் பேசுகிறவர். அவர் பொரிந்து தள்ளியதில் ஒரு சொல்தான் எனக்குப் புரிந்தது: "ஜெண்டேலா." அதைச் சொல்லும்போதெல்லாம் எங்கள் பின்னறைப் பக்கம் கையைக் காட்டினார், பிறகு தன் கண்ணைக் காட்டினார், பிறகு என்னைக் காட்டினார்.

"என்னங்க சொல்றாங்க?" என்றாள் உங்கள் தங்கை.

அகராதி அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியே ஓய்வு பெற்றவன் நான். வாய் சும்மா இருந்தால்தானே. "ஜன்னல்னு சொல்றாங்க. அவங்களுதும் நம்மளுதும் ஒரே வார்த்தைதான். போர்ச்சுகீசியர் 'ஜனேலா'ன்னு கப்பல்ல கொண்டுவந்தது. சிங்களத்துல ஜனேலய, வங்காளத்துல ஜானாலா. மூலம் லத்தீன். அங்க 'யானுவா'ன்னா கதவு. அதோட குட்டிதான் இது. சின்னக் கதவுன்னு அர்த்தம்" என்றேன்.

"நான் வார்த்தைக்கு அர்த்தம் கேக்கல. நீங்க எந்த ஜன்னல்ல நின்னு அவங்களைப் பாத்தீங்கன்னு கேக்கறேன்."

மச்சான், பின்னறையில் ஜன்னலே கிடையாது. வெறும் சுவர், ஓர் ஆணிகூட இல்லை. அந்த அம்மாளையே கூட்டிப்போய்க் காட்டினேன். சுவரைப் பார்த்தவர் கரண்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கிப் போய்விட்டார். அந்தச் செருப்பு ஏன் நம் வீட்டில் கிடக்கிறது என்று உங்கள் தங்கை தனியாக ஒரு விசாரணை வைத்தாள்.

அது ஓய்வதற்குள் குழாய் சரிசெய்ய ஒரு வங்காளி வந்தார். வெளியே சாரத்தில் நின்று வேலை பார்த்தவர், உள்ளே வந்து அரைகுறைத் தமிழில், "சார், ஜானாலாகிட்ட நிக்கிற அம்மாகிட்ட தண்ணி கேட்டேன். சிரிக்கிறாங்க, குடுக்கல" என்றார். உங்கள் தங்கை அப்போது என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "இன்னொரு அம்மாவும் இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டாள். பெட்டியை எடுத்துவிட்டாள்.

அவள் போனபின் கீழே இறங்கிக் கட்டிடத்தின் பின்புறம் போய்ப் பார்த்தேன். ஜன்னல் இருக்கிறது, மச்சான். எங்கள் மாடியில், எங்கள் பின்னறைக்கு நேராக. நல்ல வெயில், சந்தேகத்துக்கு இடமில்லை. உள்ளே முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண் தலை வாரிக்கொண்டிருந்தாள். நீளமான முடி. இடது கையால் வாரினாள். உங்கள் தங்கை இடது கைக்காரி என்பது உங்களுக்குத் தெரியும். மேலே ஓடிவந்து பார்த்தால் சுவர், சுவராகவே இருக்கிறது. தொட்டால் மட்டும், ஆள் சாய்ந்துவிட்டுப் போன இடம் மாதிரிச் சூடு.

காற்று வரும் வழி என்றுதான் நம் முன்னோர்கள் அதற்குக் 'காலதர்' என்று பெயர் வைத்தார்கள். காற்றோடு நின்றிருக்கலாம். கதவு என்று எவனோ சொல்லி, அதை ஊர் ஊராகக் கப்பலேற்றி அனுப்பிவிட்டான்.

தயவுசெய்து அவளை அனுப்பிவையுங்கள். தனியாக இருக்க பயமாக இருக்கிறது. வாசற்கதவைத் தாழிட்டு, அதில் முதுகைச் சாய்த்து நாற்காலி போட்டு, சாப்பாடும் இங்கேயே, இந்தக் கடிதமும் இங்கேயே.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசிகள், எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
மைத்துனன்

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். கேட்காமலே அனுப்பிவைத்துவிட்டீர்கள், மிக்க நன்றி. உங்கள் தங்கை வந்துவிட்டாள். பின்னறையிலிருந்து "என்னங்க, இங்க வாங்களேன்" என்று கூப்பிடுகிறாள், குரலில் கோபமே இல்லை. நான் நாற்காலியை விட்டு எழவில்லை, தாழும் திறக்கவில்லை, எப்படி உள்ளே வந்தாள் என்பதுதான் விளங்கவில்லை. போய்க் கேட்டுவிட்டு வந்து உறையை ஒட்டுகிறேன்.