வராது மாமியும் வராத சூறாவளியும்

இந்த உலகத்தில் எதுவுமே வராது என்று அடித்துச் சொல்லக்கூடிய ஒரே மனுஷி, மட்டக்களப்பு வாவியோரத்தில் எங்கள் ஒழுங்கையில்தான் இருக்கிறார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். நாங்கள் யாரும் அதைக் கேட்டதில்லை. வராது மாமி என்றால் தபால்காரருக்கும் தெரியும். தபால்காரரையே அவர் "எனக்கு ஒண்டும் வராதே" என்றுதான் வரவேற்பார்.

காலையில் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பஸ் வராது, ஆறுதலாப் போ புள்ள" என்பார். கரண்ட் போனால், "இனி வராது." என் கலியாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் அரை மணித்தியாலம் பிந்தியபோது, சபைக்கு நடுவில் "வரமாட்டாங்க" என்று சொல்லி என் அம்மாவை அழவைத்த புண்ணியவதி. பிறகு வந்து இறங்கிய மாப்பிள்ளையைப் பார்த்து, "வந்திட்டாரா?" என்று ஏமாந்துபோய்க் கேட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை.

இதற்கெல்லாம் அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது.

"வாறன் எண்டு சொல்றவன் வரமாட்டான் புள்ள. நாம எப்ப வாறன் எண்டு சொல்றம்? போறப்பதானே?"

மறுத்துப் பேச முடியுமா? எங்கள் ஆட்களில் வாசற்படி இறங்குகிற எல்லோரும் "வாறன்" என்றுதானே சொல்கிறோம்!

மாமியின் தம்பியும் அப்படித்தான் சொன்னார். தாய் இல்லாத பிள்ளையை மாமிதான் தூக்கி வளர்த்தார். பத்தொன்பது வயதில், மாங்கேணிக்கு மீன் அலுவலாகப் போகப் புறப்பட்டவர், "வாறன் அக்கா" என்று சொல்லிச் சைக்கிளில் ஏறினார். அது சண்டைக்காலம். முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. அன்றிலிருந்து மாமி ஒரு இரவுகூட விரும்பி வெளியே தங்கியதில்லை. காரணம் ஒழுங்கைக்கே தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இப்படியிருக்க, சூறாவளி ஒன்று வங்காள விரிகுடாவில் கிளம்பி எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பியது. யாரோ அதற்கு ஒரு பூவின் பெயரை வேறு வைத்திருந்தார்கள். ஒழுங்கை முழுவதும் கைபேசிக்குள் விழுந்தது. என் கணவரின் கைபேசியில் அது மறுநாள் காலை வரும். பக்கத்து வீட்டு நைலோன் அண்ணனின் கைபேசியில் ஏற்கனவே வந்துவிட்டது. அவர் வெளியே வந்து வானத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கைபேசியை மறுபடி பார்த்தார்.

நைலோன் அண்ணன் பெயருக்கேற்றபடி தோணி கட்டுகிற நைலோன் கயிற்றால் கூரைத் தகரத்தைக் கட்டினார், தண்ணீர்த் தாங்கியைக் கட்டினார், கயிறு மிஞ்சியதால் ஆட்டையும் கட்டினார். ஆடு முன்பே கட்டித்தான் நின்றது. காத்தான்குடிக் கடைகளில் மெழுகுதிரி முடிந்துவிட்டதாம் என்று கேள்விப்பட்டு, ஏற்கனவே இரண்டு பெட்டி வைத்திருந்தவர்களும் மூன்றாவது பெட்டிக்காக ஓடினார்கள். மாமி மட்டும் அந்தக் கறுத்த வானத்துக்குக் கீழே முற்றத்தில் மிளகாய் காயப்போட்டார்.

கிராம சேவகர் நேரிலேயே வந்தார்.

"மாமி, பின்னேரத்துக்கு முதல் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போயிரணும். சூறாவளி வருது."

"ஆரு சொன்னது?"

"றேடியோவில சொல்றாங்க."

"என்னெண்டு சொல்றாங்க?"

"வந்துகொண்டிருக்கிறது எண்டு."

"அப்ப வராது. நீங்க இரிங்க, தேத்தண்ணி வரும்."

தேத்தண்ணி வந்தது. மாமியின் வாயால் வரும் என்று சொல்லி நான் கேட்டது அது ஒன்றைத்தான்.

மூன்று மணிக்கு வாவித் தண்ணீர் வேலியைத் தாண்டியது. ஒழுங்கையில் ஆகப் பள்ளத்தில் இருப்பது மாமியின் வீடுதான். கூரையில் ஒரு தகரம் காற்றில் எழும்பி எழும்பி அடித்தது. எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது.

"வாங்க மாமி, போவம்."

"நான் வரல்ல புள்ள. வீட்டை ஆளில்லாம விடேலா."

"களவெடுக்க இஞ்ச என்ன இரிக்கி?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். "ஒண்டுமில்ல" என்றார் மாமி, என்னைப் பாராமல்.

நான் அவருடைய கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "நீங்க வராட்டி நானும் போகமாட்டன்." வெளியே என் கணவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கத்துகிறார்.

"உனக்கு விசரா?"

"ஓம்."

மாமி வெளியே எட்டிப் பிள்ளையைப் பார்த்தார். "ரெண்டு நிமிசம் வெளிய நில்லு" என்று உள்ளே போனார். பிறகு கதவைத் திறப்பால் பூட்டி, கைபிடியில் எதையோ கட்டிவிட்டு வந்தார்.

பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பறையில் ஒரு வாங்கில் உட்கார்ந்து, "வராது, படுங்க" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். விடிந்தபோது சூறாவளி வடக்கே திரும்பியிருந்தது. எங்களுக்கு அதன் ஓரக் காற்றும் முழங்கால் தண்ணீரும்தான். நைலோன் அண்ணன் வீட்டில் கயிறெல்லாம் இருந்தது, தகரங்களைக் காணவில்லை. ஆடு பத்திரமாக நின்றது.

"வராது எண்டு சொன்னனா இல்லையா?" மாமி கிராம சேவகரிலிருந்து ஆடுவரை ஒருவரையும் விடவில்லை.

தண்ணீருக்குள்ளால் அவரை வீட்டுக்குக் கூட்டிப் போனேன். கதவுக் கைபிடியில் சின்னப் பொலித்தீன் பை ஒன்று நூலால் கட்டியிருந்தது.

"இதென்ன மாமி, சூறாவளிக்குக் கடிதமா?" என்று பகிடியாகக் கேட்டபடி அவிழ்த்துவிட்டேன்.

உள்ளே ஒரு பழைய தாள். "தம்பி, நான் சேர்ச்சில் இருக்கிறேன். திறப்பு அம்மிக்குக் கீழே." சேர்ச் வெட்டியிருந்தது. மேலே முகாம் என்று எழுதி, அதையும் வெட்டியிருந்தது. பிறகு ஆஸ்பத்திரி. அதுவும் வெட்டு. கடைசியாக, நேற்றைய புது மையில், பள்ளிக்கூடம். அம்மிக்குக் கீழே என்பது மட்டும் ஒருமுறையும் மாறவில்லை.

மாமி அதை என் கையிலிருந்து வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். "மிளகாயெல்லாம் போச்சு" என்றார்.

அடுத்த மாதம் என் கணவருக்குக் கொழும்புக்கு வேலை மாற்றம் வந்தது. விடைபெறப் போனபோது அந்தச் சொல்லை மட்டும் சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"போறன் மாமி."

அவர் முகம் கறுத்துவிட்டது. "என்ன கதை இது? போறன் எண்டு சொல்லப்படாது. வாறன் எண்டு சொல்லு."

"அப்பிடிச் சொன்னா வரமாட்டாங்க எண்டு நீங்கதானே…"

"நீ சொல்லு புள்ள."

சொன்னேன்.

கொழும்பில் மழை இருட்டினாலே எனக்கு அந்த ஒழுங்கைதான் நினைவில் வரும். தாழமுக்கம் என்று செய்தியில் சொன்னால் முதலில் மாமிக்குத்தான் கோல் எடுப்பேன்.

"வராது" என்பார்.

"நான் வாறன் மாமி" என்பேன்.

"எப்ப புள்ள?" என்று கேட்பார். அதைக் கேட்கத்தான் நான் எடுப்பதே.