சான்றளிக்கப்பட்ட சட்டை

வேல்ஸில் லான்வெர்ரி ஊர்ப் பள்ளியில் மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளைகள் சீருடை இல்லாமல் வரலாம். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நெரிஸின் ஆறு வயது மகள் பெட்சன் யோசனையாக வீடு திரும்பினாள்.

"அம்மா, அழகா இருக்கிறவங்க கணக்குப் போட மாட்டாங்களா?"

"யாருடி சொன்னது?"

"எங்க கிளாஸ் லொவ்ரி சட்டையில எழுதியிருக்கு."

எழுதித்தான் இருந்தது. 'கணக்கா? நான் அழகி, அது போதும்' என்று ரோஸ் நிறத்தில், ஜிகினாவோடு. தட்டிலிருக்கும் பட்டாணியைக்கூடக் கூட்டிக் கழித்துவிட்டுத்தான் சாப்பிடுகிற பெட்சன், அன்று ராத்திரி பட்டாணியைச் சும்மா தின்றாள். மறுவாரமே நெரிஸ் வட்டார மன்றத்தில் போய் நின்றாள்.

குறைதீர்க்கும் அலுவலர் எம்லின் ட்ரஹெர்ன் டீ வரவழைத்து, முழுவதும் பொறுமையாகக் கேட்டார்.

"மிகவும் ஆழமான பிரச்சினை, மேடம்," என்றார். அந்த அலுவலகத்தில் அப்படிச் சொன்னால் குழு அமைக்கப்போகிறார்கள் என்று பொருள்.

'சிறார் மேலாடை வாசகப் பரிசீலனைக் குழு' அமைந்தது. பொதுமக்கள் பிரதிநிதியாக நெரிஸையே போட்டார்கள். ஒரு சட்டையை மட்டும் விசாரிப்பது பாரபட்சம் ஆகும் என்பதால், ஊரிலுள்ள எல்லாச் சட்டைகளையும் விசாரிப்பதென்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று.

'அம்மா செல்லம்' அப்பாக்களின் மனத்தைப் புண்படுத்தும் என்று தள்ளுபடி. 'குட்டி இளவரசி' வந்தபோது, முடியாட்சி பிடிக்காத உறுப்பினர் ஒருவர் வெளிநடப்புச் செய்து, பிஸ்கட் வந்ததும் உள்நடப்புச் செய்தார். ஆட்டுக்குட்டிப் படம் போட்ட சட்டையில் வாசகமே இல்லை. ஆனால் அந்த ஆட்டின் பார்வை சரியில்லை என்றார் குழுவிலிருந்த கசாப்புக் கடைக்காரர்.

நெரிஸ் களைத்துப்போனாள். "ஒண்ணுமே எழுத வேணாம். வெறும் வெள்ளைச் சட்டை போடட்டுமே!"

"வெள்ளையா?" ட்ரஹெர்ன் டீக்கோப்பையைக் கீழே வைத்தார். "மேடம், அது இங்கிலாந்து ரக்பிக்காரன் சட்டை! வேல்ஸ் பிள்ளைங்க போடலாமா?"

"அப்ப சிவப்பு?"

"கட்சி நிறம். தேர்தல் வருது."

"பின்ன பிள்ளைங்க என்னத்தத்தான் போடும்?"

"அது நம்ம வரம்புக்குள்ள வராது. எதைப் போடக்கூடாதுங்கிறதுதான் வரும்."

சீருடை இல்லாத அடுத்த வெள்ளிக்கிழமை, எந்தச் சட்டையும் தேறாததால், ஜூன் மாத வெயிலில் பிள்ளைகள் கழுத்துவரை பொத்தான் போட்ட மழைக்கோட்டில் வியர்த்து வழிந்தார்கள். லொவ்ரியின் அம்மா தெருவில் நெரிஸைக் கண்டதும் எதிர்ப்பக்கம் போய் நடந்தாள். ரொட்டிக்கடைக்காரி மட்டும் வாய்விட்டே கேட்டாள்: "உன் பொண்ணு கணக்குப் போடணும்னு எங்க பிள்ளைங்க வேகணுமா?"

கடைசியில் மன்றமே ஒரு சாம்பல் நிறச் சட்டை தைத்து வீடுவீடாக அனுப்பியது. நெஞ்சில் ஒரே வாசகம்: 'இவ்வாசகம் எவர் மனத்தையும் புண்படுத்தாது எனச் சான்றளிக்கப்படுகிறது.' போகட்டும், அந்த ஜிகினா ஒழிந்ததே என்று நெரிஸ் பெருமூச்சு விட்டாள்.

அப்புறம்தான் கவனித்தாள். பக்கத்து வீட்டுப் பையன் சட்டையில் வாசகத்தின் கீழே சான்று எண் இருந்தது. பெட்சன் சட்டையில் அந்த இடத்தில் ஒரு மஞ்சள் டாஃபோடில் பூ.

உடனே ட்ரஹெர்னுக்குப் போன் போட்டாள். "நம்பர் எங்க சார்?"

"பொண்ணுங்களுக்கு நம்பர் எடுப்பா இருக்காதுன்னு குழு நெனச்சுது, மேடம். நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"நானா? சார், இதுக்காகத்தான் நான்—"

அதற்குள் பெட்சன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, எதிரில் ஒரு சுற்றுச் சுற்றி நின்றாள். "அம்மா, எப்படி இருக்கு?"

"ஐயோ, அழகுடி என் கண்ணு!" என்றாள் நெரிஸ்.

போன் இன்னும் காதில்தான் இருந்தது.

"பாத்தீங்களா, மேடம்," என்றார் ட்ரஹெர்ன்.