வந்தவரை வழியனுப்பிய கதை

ஒருவர் வேலையில் சேர்ந்த அன்றைக்கே அவரைப் பேரன் பேத்திகளோடு ஓய்வெடுக்க அனுப்பி வைத்த பெருமை, எனக்குத் தெரிந்து, அன்றைய சென்னை ராஜ்யத்திலேயே என் ஒருவனுக்குத்தான் உண்டு. அந்த மனிதருக்கு அப்போது வயது முப்பத்து நான்கு. கல்யாணம்கூட ஆகவில்லை.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. ராயபுரத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் நான் தமிழாசிரியன். (முன்னால் ‘தற்காலிக’ என்று ஒரு சொல் உண்டு. அதை நான் வெளியில் சொல்வதில்லை.) தெற்கேயிருந்து வந்து மிளகாய் மண்டியும் கருப்பட்டி மண்டியும் வைத்து முன்னுக்கு வந்த வியாபாரிகள் சேர்ந்து, ஒரு பழைய கிடங்கில் ஆரம்பித்த பள்ளிக்கூடம் அது. மூன்றாம் வகுப்பு நடந்த அறையில் முன்பு மிளகாய் மூட்டை அடுக்கியிருந்தார்கள். அந்த நெடி போகவே இல்லை. பையன்கள் கண்ணீரோடு வீட்டுக்குப் போவதைப் பார்த்துப் பெற்றோர்கள், படிப்பு பலமாக நடக்கிறது என்று நம்பினார்கள்.

தலைமையாசிரியர் டேனியல் சார். முப்பத்தோரு வருஷமாக அவர்தான். காசிமேட்டுக் கரையில் வலை இழுத்துக்கொண்டிருக்கும் பையனைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவார். வழியில் அவன் அப்பனையும் திட்டுவார். அந்த அப்பனும் அவரிடம் படித்தவன்தான் என்பதால், திட்டு விழும்போது அவனும் பழக்கத்தில் தன் காதைப் பொத்திக்கொள்வான்.

கமிட்டி அவரை ஓய்வு பெறச் சொல்லி மூன்று வருஷம் ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் “பரீட்சை முடியட்டும்” என்பார். பள்ளிக்கூடத்தில் எப்போதும் ஏதாவது ஒரு பரீட்சை இருக்கத்தானே செய்யும்? கடைசியில் கமிட்டிச் செயலாளர் தங்கையா அண்ணாச்சிக்கு ஒரு யோசனை வந்தது. புதிய தலைமையாசிரியரைக் கும்பகோணத்திலிருந்து வரவழைத்துவிடுவது, இருவருக்கும் ஒரே மேடையில் உபசாரப் பத்திரம் வாசித்து விஷயத்தை முடித்துவிடுவது.

உபசாரப் பத்திரம் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒருவர் பதவிக்கு வந்தாலும் போனாலும் அவரைப் புகழ்ந்து தங்க மையில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, ஊர் கூடியிருக்கும்போது உரக்கப் படித்துக் கையில் கொடுப்பார்கள். படித்துக் கொடுத்துவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு கவர்னர் வந்து சொன்னாலும் போனவர் போனவர்தான், வந்தவர் வந்தவர்தான். எங்கள் பக்கத்தில் ஆர்டரை யார் பார்த்தார்கள்? பத்திரம் வாசித்தாயிற்றா என்பதுதான் கேள்வி.

அண்ணாச்சி என்னை மண்டிக்குக் கூப்பிட்டார்.

“வே தமிழு, ரெண்டு பத்திரம் எழுதும். போறவருக்கு ஒண்ணு, வாறவருக்கு ஒண்ணு. நீரேதான் படிக்கணும். சோலி சுத்தமா முடிஞ்சா மறுநாளே உமக்கு பெர்மனன்ட் ஆர்டரு. சொதப்புனீரு, உம்ம ஊருக்கு நானே டிக்கெட் எடுத்துத் தாரேன்.”

அந்த பெர்மனன்ட் ஆர்டர் எனக்கு உயிர். காரணம், துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் டிரைவராக இருந்த ஏழுமலை. அதைவிடச் சரியான காரணம், ஏழுமலையின் மகள் சரோஜா. பெண் கேட்டு நானே போய் நின்றபோது அவர் பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார்: “நீ இன்னும் டெம்ப்ரவரியாமே நைனா? அப்ப பொண்ணையும் டெம்ப்ரவரியாதான் குடுப்பேன். பரவால்லியா?”

ஆகவே எழுதினேன். இப்போது படித்தால் எனக்கே சிரிப்பு வரும் தமிழில் எழுதினேன். டேனியல் சாருக்கு ‘நரை கண்ட நாயகரே!’ புதியவருக்கு ‘இருள் மண்டிய இவ்விடத்துக்கு வந்த இளஞாயிறே!’ (அந்த இருளை எழுதியபோது, இரண்டு நிமிஷத் தாமதத்துக்காக டேனியல் சார் என்னைப் பையன்கள் முன்னால் வாசலில் நிறுத்தியது ஞாபகத்தில் இருந்தது என்பதை மறைப்பானேன்.) இதோடு நிறுத்தினேனா? எல்லாரும் பெயரை மேலே போடுவார்கள், நாம் கடைசி வரியில் போடுவோம், அதுவரை கூட்டம் ‘யாரைச் சொல்கிறார், யாரைச் சொல்கிறார்’ என்று துடிக்கட்டும் என்று ஒரு புதுமை செய்தேன். பத்திரம் வாங்க இரண்டே பேர் இருக்கும் விழாவில் அப்படி யார் துடிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு பத்திரமும் ஒரே அளவு, ஒரே சட்டம். இரண்டையும் ஒரே மாதிரி பழைய பேப்பரில் சுற்றி மேஜை மேல் அடுக்கினேன். முதலில் பிரிவுபசாரம், பிறகு வரவேற்பு என்பது ஏற்பாடு. அதனால் போகிறவர் மேலே, வருகிறவர் கீழே.

விழா நாள் சாயங்காலம் பள்ளி முற்றத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு மேடை. துறைமுகத்தில் சங்கு ஊதியதும் வேலை முடித்தவர்கள் அழுக்குச் சட்டையோடு அப்படியே வந்துவிட்டார்கள். முன்வரிசையில் ஏழுமலை, மடித்த துண்டு தோளில். மேடையில் அண்ணாச்சி, டேனியல் சார், கும்பகோணத்திலிருந்து காலையில்தான் வந்திறங்கிய சுந்தரேசன். ஒல்லியாக, பயந்த முகத்தோடு, பெட்டியில் விழுந்த மடிப்பு இன்னும் போகாத கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் அண்ணாச்சிக்கு ஒரு சந்தேகம் வந்தது. “வே, பிரிவுபசாரத்துக்குத் தலைமை வகிக்கது யாரு?”

நியாயமான கேள்வி. பதவியில் இருக்கும் தலைமையாசிரியர்தான் தலைமை வகிக்க வேண்டும் என்பது முறை. தன்னுடைய பிரிவுபசாரத்துக்குத் தானே தலைமை வகிக்க டேனியல் சாரால் முடியாது. வரவேற்பு வாசிக்காதவரை சுந்தரேசன் பதவியில் இல்லை. கமிட்டி மேடையிலேயே கூடிக் கூடிப் பேசியது. முடிவில் அண்ணாச்சி என்னிடம் குனிந்து, “வரவேற்பு மொதல்ல, பிரிவு பெறவு. மாத்திப் போட்டாச்சு, நீரு படியும்” என்றார்.

சரி என்று தலையை ஆட்டினேன். தலை ஆடியதே தவிர, கைக்குத் தகவல் போகவில்லை. மேலே இருந்ததை எடுத்துப் பேப்பரைப் பிரித்து, மைக்கைப் பிடித்துவிட்டேன்.

மேடை ஏறினால் எனக்குக் கண் வேலை செய்யும், தொண்டை வேலை செய்யும், நடுவில் இருப்பது வேலை செய்யாது. “நரை கண்ட நாயகரே!” என்று சுந்தரேசனைப் பார்த்து முழங்கினேன். அவர் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். “முப்பத்தோராண்டு இப்பள்ளியைச் சுமந்து தளர்ந்த தோள்களே!” கூட்டம் அப்படியே அமைதியாகிவிட்டது. என் தமிழுக்குக் கட்டுண்டு கிடக்கிறார்கள் என்று குரலை இன்னும் ஏற்றினேன்.

பின்னாலிருந்து யாரோ சொன்னது கேட்டது: “இன்னாபா இது, காலைல வந்த ஆளு, முப்பது வர்சம்ன்றான்?”

“கும்பகோணத்துலர்ந்து நடந்தே வந்துகினு இருந்தாரோ இன்னாவோ!”

“இனி இல்லத்தில் பேரன் பேத்திகள் மடியில் தவழ...” என்ற இடத்தில்தான் என் மூளை வந்து சேர்ந்தது. பார்த்தேன். சுந்தரேசன் வாயைத் திறந்தபடி இருந்தார். டேனியல் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன் வாழ்க்கையை இன்னொருவருக்குச் சொல்வதை அக்கறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதாவது ‘மன்னிக்கவும், மாறிவிட்டது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். சமயோசிதம் என்று ஒன்று என்னிடம் இருப்பதாக நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. கடைசி வரியில் ‘டேனியல்’ என்று தங்க மையில் இருந்ததை விட்டுவிட்டு, “சுந்தரேசன் அவர்களே, சென்று வருக!” என்று மாற்றிப் படித்துச் சமாளித்தேன். அதாவது, தப்பு என்று தெரிவதற்கு இருந்த ஒரே அடையாளத்தையும் நானே அழித்தேன். அண்ணாச்சி மாலையைப் போட்டு, பத்திரத்தைச் சுந்தரேசன் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் என்னைப் பார்த்த பார்வையில் டிக்கெட் தெரிந்தது.

அடுத்தது டேனியல் சார். மீதி இருந்ததோ வரவேற்புப் பத்திரம். சுந்தரேசன் காதருகே போய், “சார், அதைக் கொஞ்சம் கொடுங்க” என்றேன். அவர் சட்டத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “இருக்கட்டுமே சார், இவ்வளவு நல்லதா என்னை யாரும் சொன்னதில்லை” என்றார்.

“படிச்சுத் தொலையும்வே” என்று அண்ணாச்சி பல்லைக் கடித்தார்.

போகப் போக மாற்றிப் படித்துவிடலாம் என்று துணிந்து இறங்கினேன். ஆரம்பத்திலேயே ‘வருக! வருக! வருகவே!’ என்று எழுதித் தொலைத்திருந்தேன். அதை மாற்றினேன். “போக! போக! போகவே!” என்று வந்தது.

கூட்டம் எழுந்துவிட்டது. “டேய், யாரைப் பாத்து ‘போ’ன்ற? கீழ எறங்குடா!” காசிமேட்டு அப்பன்கள் இரண்டு பேர் பெஞ்சைத் தாண்டி வருவது தெரிந்தது. ஒரே மூச்சில் ‘வருக’வுக்குத் திரும்பினேன். அதற்குமேல் எதையும் மாற்ற எனக்குத் தெம்பில்லை. அச்சில் இருந்ததை அச்சில் இருந்தபடியே படித்தேன். இருள் மண்டிய இடத்தையும் படித்தேன், இளஞாயிறையும் படித்தேன். ‘பிரம்பின் ஓசையன்றி வேறு பாடம் அறியாத இப்பள்ளியை வழிநடத்த வந்தருள்வீர்’ என்பதையும், அந்தப் பிரம்புக்குச் சொந்தக்காரரின் முகத்தைப் பார்த்தே படித்தேன். கடைசி வரியில் பெயரை மட்டும் மாற்றி, “டேனியல் அவர்களே, வருக!” என்று முடித்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

டேனியல் சார் எழுந்து மைக் முன்னால் வந்தார். கையில் வாங்கிய சட்டத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“இருட்டுன்னு சொன்னீங்க. உண்மைதான். மூணாங்கிளாஸுக்கு ஒரு ஜன்னல் வைக்கச் சொல்லி கமிட்டிக்கு எத்தனை தடவை எழுதினேன்னு எனக்கே கணக்கில்லை. அந்த இருட்டைப் போக்க என்னையே வரச் சொல்லி, இத்தனை ஜனங்க முன்னால, கண்ணாடி போட்டு, எழுதிக் குடுத்திருக்கீங்க. மாட்டேன்னு சொல்ல எனக்கு மனசு வரல.” கண்ணாடிக்கு மேலாக அண்ணாச்சியைப் பார்த்தார். “வர்றேன்.”

விசில் பறந்தது. “பெரிய சார் போவலடோய்!” என்று யாரோ கத்த, பையன்களும் அப்பன்களும் சேர்ந்து கை தட்டினார்கள். அண்ணாச்சி நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

தலைமை வகிக்க வேண்டியவர் சுந்தரேசன். அவர் எழுந்தார். அந்த ஒல்லி மனிதருக்குள் அப்படி ஒரு குறும்பு இருந்தது காலையில் யாருக்கும் தெரியாது. “பத்திரம் படிச்சா முடிஞ்சதுன்னு வழியில சொன்னாங்க. எனக்குப் பிரிவுபசாரம் நடந்து முடிஞ்சுது. இனிமே யாரும் என்னை இன்னொரு தடவை அனுப்ப முடியாது. டேனியல் சாருக்கு இப்பதான் வரவேற்பு ஆயிருக்கு. வந்தவரைப் போகச் சொல்றது மரியாதை இல்லை. அதனால ரெண்டு பேரும் இருக்கோம்.”

இருந்தார்கள். ஒரு வருஷம் முழுக்க, ஒரே அறையில், ஒரே மேஜைக்கு இரண்டு பக்கமும். மூன்றாம் வகுப்புக்கு முதல் மாதமே ஜன்னல் வந்தது.

மறுநாள் காலையில் அண்ணாச்சி என் கணக்கைத் தீர்க்க வந்தார். தற்காலிக ஆசிரியனை நீக்கத் தலைமையாசிரியர் கையெழுத்து வேண்டும் என்பது கமிட்டியே போட்ட விதி. காகிதத்தை மேஜையில் வைத்தார்.

“நீங்க மூத்தவர், நீங்களே போடுங்க” என்று சுந்தரேசன் நகர்த்தினார்.

“சேச்சே, பதவி உங்களுது. நீங்க போடுறதுதான் முறை” என்று டேனியல் சார் திருப்பி நகர்த்தினார்.

“ஏதாவது ஒருத்தர் போடுங்க அய்யா!” என்றார் அண்ணாச்சி.

“பரீட்சை முடியட்டுமே” என்றார்கள் இரண்டு பேரும்.

அப்படி அந்தக் காகிதம் மேஜையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தபோதே நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. இரண்டு வருஷம் முடித்தவன் தானாகவே பெர்மனன்ட். அதுவும் கமிட்டி போட்ட விதிதான். அன்றைக்கு டேனியல் சார் என்னைக் கூப்பிட்டார். “இருள்னு எழுதினது சரி தம்பி. பிரம்பைப் பத்தி எழுதினது கொஞ்சம் ஜாஸ்தி” என்றார். “நாளையிலிருந்து மூணாங்கிளாஸ் உனக்கு.” ஜன்னல் வந்திருந்தது. நெடி மட்டும் போகவில்லை.

ஏழுமலையிடம் போனேன். “நீ படிச்சது எனக்கு ஒண்ணும் பிரியல நைனா” என்றார். “ஆனா அத்தினி பேரு அடிக்க வந்தும் மைக்கை வுடாம புடிச்சுகினு நின்ன பாரு, அந்தக் கைல பொண்ணைக் குடுக்கலாம்.”

சரோஜா எல்லாவற்றையும் அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கழுத்தை நீட்டினாள். அதற்குப் பிறகு நாற்பது வருஷமாக எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நான் வாசலுக்குப் போகக் கூடாது. “அவரு வாய தொறந்தா வந்தவங்க போய்டுவாங்க” என்பாள்.

எங்கள் மகள் கல்யாணத்தில் பெண்ணின் அப்பா நான். மண்டப வாசலில் நின்று மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க வேண்டியவன். அந்த வேலையைச் சரோஜா தன் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே ஒரு மூலையில் என்னை நிறுத்தினாள். சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவர்களுக்குத் தாம்பூலப் பை கொடுத்தால் போதுமாம். அதில் எதுவும் கெட்டுப்போக வழியில்லையாம்.

நானும் பையைக் கையில் வைத்துக்கொண்டு, கிளம்பியவர்களைப் பார்த்து வாய் நிறையச் சிரித்து, “வாங்க வாங்க, சாப்பிடுங்க!” என்றேன். ஏழு பேர் திரும்பிப் போய் மறுபடி இலையில் உட்கார்ந்துவிட்டார்கள்.