சாக மறுத்த ஸ்பீக்கர்கள்

இந்தப் பனிக்காலம் முடிவதற்குள் எங்கள் வீட்டு ஸ்பீக்கர் இரண்டையும் கொன்றுவிடுவது என்று முடிவெடுத்தேன்.

பதறாதீர்கள். அவற்றுக்கு வயது இருபத்தெட்டு. நான் ஆசைப்பட்டது ஆள் உயரத்துக்கு நிற்கும் புது ஜோடி. மனைவி மார்லிஸிடம் விண்ணப்பம் போட்டேன்.

"இருக்கறது பாடுதா?"

"பாடுது."

"அப்புறம் என்ன? இது செத்தாத்தான் புதுசு, ஆர்விட்."

எனக்கு அது போதும். என் எலக்ட்ரானிக்ஸ் பட்டறை மூலையில் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர் கிடந்தது. உள்ளே டிரான்சிஸ்டர் பொசுங்கி, பாட்டுக்குப் பதிலாக நேர் மின்சாரத்தை அனுப்பும் பிறவி. பாட்டு என்றால் மின்சாரம் முன்னும் பின்னும் ஆடும், ஸ்பீக்கரும் கூடவே ஆடும். நேர் மின்சாரமோ ஒரே பக்கமாகப் பிடித்துத் தள்ளிக்கொண்டே நிற்கும். உள்ளிருக்கும் கம்பிச்சுருள் கருகிவிடும். நேராக இருப்பது மனிதனுக்கு நல்லது. ஸ்பீக்கருக்கு ஆகாது.

திங்கட்கிழமை, வாசலில் பனி வாரும்போது பக்கத்து வீட்டு ஹார்லனிடம் மட்டும் சொன்னேன்.

"மார்லிஸுக்குத் தெரிஞ்சா?"

"நீ சொன்னாத்தானே தெரியும்?"

"நானா? என் வாய்க்குப் பூட்டு!"

சனிக்கிழமை மார்லிஸ் சர்ச்சில் பாட்டு ஒத்திகைக்குப் போனாள். பேஸ்மென்டில் கொலைகார ஆம்ப்ளிஃபயரை மாட்டி, சுவிட்சைப் போட்டுவிட்டு, காதைப் பொத்திக்கொண்டேன்.

'டிக்.'

அவ்வளவுதான். புகை இல்லை, நாற்றம் இல்லை. நல்ல ஆம்ப்ளிஃபயரை மாட்டிப் பார்த்தால் இரண்டும் ஜம்மென்று போல்கா நடனப் பாட்டு வாசித்தன. அடுத்த சனிக்கிழமையும் அதே 'டிக்'. மூன்றாவது சனிக்கிழமை விடவில்லை. சுவிட்சைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் எதிரில் உட்கார்ந்து காபி குடித்தேன்.

"என்ன ஆர்விட், இன்னும் சாகலையா?"

காபி மூக்கு வழியாக வந்தது. படிக்கட்டில் பனி பூட்ஸோடு மார்லிஸ்!

"அ... அது வந்து... துடைச்சிட்டிருந்தேன்."

"காபியாலயா?"

நேராக வந்து ஸ்பீக்கரைத் திருப்பினாள். அதன் முதுகில் மத்தி மீன் டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. பிளக் இல்லை. பேட்டரி இல்லை.

"இது எந்தக் கரண்டுல ஓடுது?" என்று கேட்டேன்.

"தனியா எதுக்கு? கொல்ல வர்ற கரண்டே போதும். அதுவே உள்ள இருக்கற ரிலே சுவிட்சை இழுக்கும், ரிலே 'டிக்'னு வழியை வெட்டிடும். பாட்டு வந்தா கண்டுக்காது."

"கழுத்தைப் பிடிக்க வந்தவன் பலத்தாலயே அவனுக்கு விலங்கு!"

"அதேதான்."

"யார் செஞ்சது?"

"நான்தான். ஹார்லனுக்கு ரெண்டாவது துண்டு ஆப்பிள் பை வெச்சேன். எல்லாத்தையும் கக்கிட்டான். மறுநாளே உக்காந்து செஞ்சு முடிச்சேன்."

"உனக்குக் கம்பி பத்தவைக்கிற சால்டரிங் எப்படித் தெரியும்?"

"முப்பது வருஷமா சாப்பாட்டு மேசையில எலக்ட்ரானிக்ஸ் புத்தகத்தை விரிச்சு வெச்சிட்டு எழுந்து போறே. ரொட்டித்தூளைத் தட்டறப்ப எல்லாம் ஒவ்வொரு பக்கமாப் படிச்சேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"நீ நேரா கேட்டிருந்தா நானும் நேரா சொல்லியிருப்பேன்."

கோபப்படத்தான் நினைத்தேன். பெட்டியைத் திறந்து பார்த்தேன். அந்த சால்டரிங் புள்ளிகள்! ஒவ்வொன்றும் வெண்ணெய்த் துளி மாதிரி பளபள. நான் வைத்தால் எறும்புப் புற்றுதான். கோபம் வர வேண்டிய இடத்தில், வெட்கக்கேடு, காதல் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் தெருவிலிருந்து ஆறு ஜோடிகள் எங்கள் பேஸ்மென்டுக்கு ஆட வந்தார்கள். நானும் மார்லிஸும் முதல் போல்காவிலேயே மூச்சு வாங்க ஆடினோம். கிழட்டு ஸ்பீக்கர்கள் அதிர்ந்த அதிர்வில் ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த பனியே உதிர்ந்தது. சற்று ஓய்ந்தபோது யாரோ அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள்.

மார்லிஸ் என் தோளில் கை போட்டாள்.

"செஞ்சது நான். ஆனா ஒரு பொருளைச் செஞ்சா மட்டும் போதுமா? என் வீட்டுக்காரர் பாருங்க, மூணு சனிக்கிழமை, ஒருத்தருக்கும் சொல்லாம, தனியா உக்காந்து சோதிச்சுக் குடுத்தார்!"

எல்லாரும் கைதட்டினார்கள். எழுந்து நின்று வணங்கினேன்.